பச்சைத் தொப்பிக்காரர் இரண்டு தரம் வந்தார்

வால்தம்ஸ்டோ என்ற ஆங்கில ஊருக்கு வடக்கே உள்ள காட்டில் அன்று குளிர்கால ஓட்டப்போட்டி. 1991 ஜனவரி மாதம். பனிமூட்டத்தில் மரங்கள்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஓடுபவர்களுக்கு ஏதாவது ஆனால் உடனே தகவல் சொல்ல, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிப் பழகிய அமெச்சூர் ரேடியோக்காரர்கள் நான்கு இடங்களில் நின்றார்கள்.

மூன்றாவது இடத்தில் பெர்னடெற் சின்னம்மாவும், அவருடைய அக்காவின் மகள் ராஜியும் நின்றார்கள். ராஜிக்குப் பத்து வயது. ஓடி வருபவரின் எண்ணை அவள் பார்த்துச் சொல்வாள். சின்னம்மா அதை ரேடியோவில் சொல்வார்.

"பதினேழு," என்றாள் ராஜி. பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் ஓடிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒரு பச்சைத் தொப்பி வந்தது.

"சின்னம்மா, பதினேழு."

"அது அப்பவே சொல்லியாச்சு பிள்ளை."

"ஓம். ஆனா திரும்பவும் வாறார்."

அவர் மூச்சு வாங்க நின்றார். "இது நாலாவது இடம்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மூன்றாவது," என்றாள் ராஜி.

"மூன்றைத் தாண்டிவிட்டேனே. அங்கேயும் ஒரு பெண்ணும் சிறுமியும் நின்றார்கள்."

"அது நாங்கள்தான்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்போது ரேடியோ கரகரத்தது. நாலாவது இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லையாம்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றார் சின்னம்மா. "வந்த ஆக்கள் எல்லாம் எங்கை போச்சினம்?"

ஏற்கெனவே போன ஒரு பெண்ணும் திரும்பி வந்தார். அவருடைய உதடுகள் நீலமாகியிருந்தன. உடம்பு நடுங்கியது. ராஜி தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவருக்குச் சுற்றிவிட்டாள். சின்னம்மா சூடான தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

ராஜிக்கும் ஒன்றும் புரியவில்லை. பச்சைத் தொப்பிக்காரரிடம் கேட்டாள்: "பாதை பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினீர்கள்?"

"அம்புக்குறி காட்டிய பக்கம். வலது."

"சின்னம்மா, காலமை வரேக்கை அது இடப்பக்கம் எல்லோ காட்டினது?"

சின்னம்மா ரேடியோவைக் கையில் பிடித்தபடி யோசித்தார். "ஓம், இடப்பக்கம்தான். வலப்பக்கத்தாலை போனா சுத்தித் திரும்ப இஞ்சைதான் வரும்."

அந்த இடம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ராஜியும் பச்சைத் தொப்பிக்காரரும் அங்கே போனார்கள். பெரிய ஈர நாய் ஒன்று அம்புக்குறிக் கம்பத்தில் சுகமாக முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கம்பம் கொஞ்சம் திரும்பியது.

நாயின் சொந்தக்காரர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு அதை இழுத்துப் போனார். ராஜி கம்பத்தைத் திருப்பி வைத்தாள். அது ஆடியது. கையை எடுத்தால் மறுபடியும் திரும்பியது.

"நீங்கள் போங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்," என்றாள்.

பச்சைத் தொப்பி இடப்பக்கம் மறைந்தது. பிறகு வந்தவர்களுக்கெல்லாம், "இடது பக்கம், இடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டே நின்றாள். விரல்கள் விறைத்துவிட்டன.

கடைசி ஆளும் போன பிறகுதான் திரும்பினாள்.

"எல்லாரும் நாலாவது இடத்துக்குப் போய்ச் சேந்திட்டினம்," என்றார் சின்னம்மா. "பாதை பிரியிற இடத்திலை கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆரெண்டு கேக்கினம்."

"என்ன சொன்னனீங்கள்?"

"என்ரை பெறாமகள் எண்டனான். உன்ரை பேரையும் எழுத்தெழுத்தாச் சொன்னனான்."

ராஜி ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரைச்சலுக்கு நடுவே, முன்பின் தெரியாத ஒரு குரல் அவள் பெயரைச் சரியாகச் சொல்லி, நன்றி சொன்னது.