சப்ரியின் பேரில் ஆயிரத்து ஐந்நூறு

செத்த மனிதரின் குரலுக்கு றிஸ்வான் சொன்ன விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். கம்ப்யூட்டரைத் தூசி தட்டுவது, சூடு கடத்தும் பேஸ்ட் மாற்றுவது, குரலைப் பென்டிரைவில் ஏற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். கல்முனை பஸாரில் புடைவைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து கம்ப்யூட்டர் திருத்தப் போனவன் அவன். முதலில் சொல்லும் விலை வாசற்படி மாதிரி. ஆளை உள்ளே ஏற்றத்தான், அங்கேயே நிற்பதற்கல்ல.

வீடு மருதமுனையில், கடலுக்குக் கிட்ட. பின்னேர அஸர் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வீட்டுக்காரர் சப்ரி, கைத்தறிச் சாரன் வியாபாரி. மௌத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவி றாஹிலா, கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண் முன் வரக்கூடாது. அறையின் நடுவே ஒரு சீலை தொங்கியது. அந்தப் பக்கம் அவளும் தாய் ஆயிஷா உம்மாவும். இந்தப் பக்கம் றிஸ்வானும் கம்ப்யூட்டரும்.

“கொஞ்ச நேரம் ஓடும் தம்பி, பொறவு கொதிச்சி நிண்டுரும்,” என்றாள் றாஹிலா சீலைக்குப் பின்னாலிருந்து. “அவர் கணக்கு எழுதமாட்டார். பின்னேரத்தில இதுக்கு முன்னால இருந்து கதைப்பார், இது பதியும். அந்தக் குரல் மட்டும்தான் எனக்கு மிச்சம். கேக்கத் தொடங்கினா நிண்டுரும்.”

“வெச்சுக் கேக்கலாம் ராத்தா. பயப்படாதீங்க.”

பெட்டியைத் திறந்தான். சூடான தூசியின் மணம் வந்தது. அதோடு கற்பூர மணமும்.

கற்பூரத் தண்ணீரில் குளிப்பாட்டி ஜனாஸா எடுத்த வீடு, மணம் தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

புரோசசருக்கு மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கிடையே தறிப் பஞ்சு அடைத்துக்கிடந்தது. சிவப்பு, பச்சை, ஊதா; சாரன் சாரனாய் நெய்யலாம் போல. காத்தாடி சுற்றியது, காற்றுத்தான் போகவில்லை. தகட்டுக்கடியில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகியிருந்தது. பஞ்சைத் தூரிகையால் கோதி எடுத்தான். பொருக்கை ஸ்பிரிட்டால் துடைத்தான். பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து, தகட்டை அமுக்கி, ஆணிகளை மூலைக்கு மூலை மாற்றி இறுக்கினான். ஸ்பீக்கர் வயரை மட்டும் செருகினான். மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான்.

ஓடவிட்டுப் பார்த்தான். முன்பு தொண்ணூற்றாறு பாகையில் நின்ற சூடு நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

குரல்கள் பென்டிரைவில் ஏறத் தொடங்கின. கை சும்மா இருந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“அப்ப ராத்தா, நாலாயிரத்தி ஐந்நூறு.”

“மூவாயிரம்தான் கையில கிடக்கு.”

“இந்தப் பேஸ்ட் என்ன, பிள்ளையள் பல்லு வெளக்குறதா? நாலாயிரம் தாங்க.”

“மூவாயிரம், தம்பி.”

“சரி, மூவாயிரம் உங்கட. மிச்சம் ஆயிரத்தி ஐந்நூறு சப்ரி காக்காட பேர்ல கிடக்கட்டும். வசதிப்பட்டா தருவார்.”

பஸாரில் இதைச் சொல்லியிருந்தால் நாலு கடை சிரித்திருக்கும்.

“மௌத்தானவர்ட பேர்ல கடன் போடாத மகன்,” என்றார் ஆயிஷா உம்மா. “ஜனாஸா தொழ முன்ன கேட்டுத்தானே எடுத்த, ஆருக்கும் கடன் குடுக்கக் கிடக்கா எண்டு. ஒரு மனிசன் கை தூக்கல்ல. அந்தச் சொல்ல எடு.”

“பகிடிக்குச் சொன்ன உம்மா.”

பகிடி என்றான், ஆனால் எடுக்கவில்லை. வாயால் சொன்ன காசை வாயாலேயே விடுவது அவன் பரம்பரையில் இல்லாத பழக்கம்.

காத்தாடியின் சத்தம் மாறியது.

மொனிட்டரைப் பார்த்தான். ஐம்பத்தெட்டு. பார்த்துக்கொண்டிருக்கவே எழுபது.

தகடு சரியாக உட்காரவில்லையோ என்று விரலால் தொட்டான். உட்கார்ந்துதான் இருந்தது. புரோசசரை எது தின்கிறது என்று தேடினான். குரல் பதியும் நிரல். அவன் திறக்கவில்லை. அது பதிந்துகொண்டிருந்தது.

மைக் மேசையில் கிடந்தது. அதன் வயர் எதிலும் இல்லை.

நிரலை மூடினான். திறந்துகொண்டது.

எண்பத்தாறு.

கற்பூர மணம் தொண்டைக்குள் இறங்கியது. பதிந்ததை ஒருமுறை ஓடவிட்டான். முதலில் அவனுடைய குரல்தான் வந்தது. பல்லு வெளக்குற பகிடி. சப்ரி காக்காட பேர்ல கிடக்கட்டும். வசதிப்பட்டா தருவார்.

அதற்குப் பிறகு ஒரு செருமல்.

“இண்டைய கணக்கு,” என்றது ஓர் ஆண்குரல், அவசரமில்லாமல். “றிஸ்வானுக்கு ஆயிரத்தி ஐந்நூறு. தாறன்.”

சீலை அசைந்தது. “அவர்தான்,” என்று கிசுகிசுத்தாள் றாஹிலா. “நிப்பாட்டாதீங்க தம்பி. அல்லாட காவல், நிப்பாட்டாதீங்க.”

“ராத்தா, இது எரிஞ்சா பழைய குரலும் போயிரும்.”

தொண்ணூற்றேழு. குரல்கள் ஏறி முடிந்தன. பென்டிரைவைப் பிடுங்கினான், விரல் சுட்டது. குனிந்து சுவரிலிருந்து வயரை இழுத்தான்.

வயர் கையில் இருந்தது.

காத்தாடி நிற்கவில்லை.

“சப்ரி காக்கா,” என்றான் றிஸ்வான். “நான் அந்தக் கடன ஹலாலாக்கிட்டன். ஒண்டும் தர வேணாம்.”

ஸ்பீக்கர் கரகரத்தது.

“ஹலாலாக்க வேணா. தாறன்.”

காத்தாடி மெல்ல மெல்ல நின்றது.

பென்டிரைவைச் சீலைக்கடியால் தள்ளினான். அதே வழியால் மூவாயிரம் வந்தது. எண்ணிப் பார்க்காமல் காசு வாங்கியது அவன் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். செருப்பை மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

அடுத்த வாரம் காரைதீவிலிருந்து சுஜித்தா டீச்சர் ஒரு கம்ப்யூட்டரை றிஸ்வானின் கடைக்குக் கொண்டுவந்தார். கொதித்து நின்றுவிடுகிறதாம். பெட்டியில் விற்ற கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது.

“முன்ன ஆராவது திறந்தா டீச்சர்?”

“இல்ல தம்பி. வாங்கின நாள்ல இருந்து நீங்கதான் முதல் ஆள்.”

ஸ்டிக்கரைக் கிழித்தான். தூசி இல்லை. காத்தாடி புதுசு போல. ஆணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினான்.

பேஸ்ட் இருக்கவேண்டிய இடத்தில் நாலாக மடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுடச்சுட.

பிரித்தான். ஆயிரம் ரூபாய் நோட்டு. மடிப்புக்குள் ஊதா நிறப் பஞ்சு கொஞ்சம். கற்பூர மணம்.

“என்ன தம்பி, ஏதும் எரிஞ்சிட்டா?” என்று கேட்டார் டீச்சர்.

அவன் நோட்டை உள்ளங்கைக்குள் மூடினான். அவனுக்குப் பின்னால் தட்டில், திருத்தி முடித்து வயர் சுற்றி வைத்திருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றின் காத்தாடி சுற்றத் தொடங்கியிருந்தது. யாரோ செருமுவது போல ஒரு சத்தம். பிறந்த நாள் முதல் பழகிய மூளை, பயத்திலும் கூட்டிக் கழித்துப் பார்த்தது.

சொன்னது நாலாயிரத்து ஐந்நூறு. றாஹிலா தந்தது மூவாயிரம். சப்ரி தந்தது ஆயிரம்.

இன்னும் வரக் கிடப்பது ஐந்நூறு.