எட்டாம் பாதையின் தட்டல்கள்

காலை பதினொன்று இருபதுக்கு திரையில் எட்டாம் பாதையின் அதிர்வு வரைகோடு சட்டென்று நிமிர்ந்தது.

கஃப்சா நகருக்கு மேற்கேயுள்ள அந்தப் பாஸ்பேட் சுரங்கத்தில் எட்டாம் பாதை இடிந்து நாற்பத்தொரு நாளாகிறது. வாயைக் கான்கிரீட் ஊற்றி மூடிவிட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஆறு அதிர்வுமானிகள் மட்டும் சில வாரங்களாகப் பாறை இறுகும் முனகலை மணிக்கு இரண்டு, மூன்று என்று அனுப்பிக்கொண்டிருந்தன. இப்போது நிமிடத்துக்குப் பத்தொன்பது.

கண்காணிப்பு அறையில் பதிவுகளைக் கவனிக்கும் ரௌதா நாற்காலியைத் திரையருகே இழுத்தாள். மணற்காற்று ஜன்னலை உரசிக்கொண்டிருந்தது.

"மோன்ஜி அண்ணே, எட்டுல ஏதோ தட்டுது."

மேற்பார்வையாளர் மோன்ஜி புதினாத் தேநீரை உறிஞ்சினார். "லஸ்ஸாத் டீ கேக்குறான் போல. ஒரு கிளாஸ் எறக்கி விடு."

லஸ்ஸாத் உள்ளே புதைந்துபோன, பாறையில் துளை போடும் தொழிலாளி. இடிந்த மறுநாளே, 'உயிர் அறிகுறி இல்லை' என்று ரௌதா எழுத, மோன்ஜி ஒப்பமிட, மீட்பு நின்றது. எழுதுமுன் மீட்புக்காகத் துளைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, உள்ளே சத்தம் வருகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். வெயில் கொளுத்தியது, அவர்கள் கேட்கவில்லை.

அதிர்வுகளின் வேகம் திடீரென்று மாறும் இடங்களில் சிவப்புக் கோடு போடும் கணினி நிரலை, யாரும் திறந்து பார்க்காத பழைய பதிவுகள்மேல் இன்றுதான் முதன்முறையாக ஓட்டினாள்.

முதல் கோடு, இடிந்த மறுநாள் பிற்பகல் 2:06. மீட்பைக் கைவிட்டு இயந்திரத்தை நிறுத்திய நிமிடம். அதன் இரைச்சல் அதுவரை விழுங்கியிருந்தது வெளியே வந்தது. நிமிடத்துக்கு முப்பத்தொன்று.

நான்காம் நாள், பதினொன்று.

ஆறாம் நாள், இரண்டு.

ஏழாம் நாள், ஒன்றுமில்லை.

"அண்ணே... ஆறு நாள் உயிரோட இருந்திருக்கான்."

"அழிச்சிடு." மோன்ஜியின் குரலில் இப்போது கேலியில்லை. "நீயும் நானும்தான் கையெழுத்துப் போட்டோம். அழி."

திரையில் ஆழத்திலிருந்த ஆறாம் மானி அடங்கியது. அதே நொடி ஐந்தாவது துள்ளியது. பத்தொன்பது. பிறகு நான்காவது. மூன்றாவது. இரண்டாவது.

ஒன்றாவது, கான்கிரீட்டை ஒட்டியிருந்தது.

அதுவும் அடங்கியது.

அதற்கு இந்தப் பக்கம் மானிகளே இல்லை.

"பாத்தியா, நின்னுருச்சு," என்று மோன்ஜி சிரித்தார்.

டொக்.

அவருடைய முஷ்டி மேசையில் விழுந்தது. டொக். மூன்று நொடி. டொக்.

"வெளையாடாதீங்க அண்ணே."

"நான் பண்ணலம்மா." இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நிற்கவில்லை. தோல் கிழிந்தது. டொக். எலும்பு தெரிந்தது. "புடிம்மா... புடிச்சு நிறுத்தும்மா..."

பிடிக்கப் போனாள்.

அவள் கை விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக முஷ்டியாக மடங்கின.