மங்கம்மா வீட்டுச் சூடு

பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், சமையலறையில் நின்றிருந்த கிருபாவின் போன் ஒருமுறை சிணுங்கியது. திரையில் எப்போதும் இருக்கும் ‘கிருபா வீடு’ வரிக்குக் கீழே ‘மங்கம்மா வீடு’ என்று வந்திருந்தது. அதன் வெப்பம்: முப்பத்தேழு.

கையிலிருந்த சொம்பை அவள் கீழே வைத்தாள். கரண்ட் காலையிலேயே போயிருந்தது. தலைக்கு மேல் சிமென்ட் ஷீட்டு வெயிலில் விரிந்து டிக், டிக் என்று சத்தம் போட்டது. ஜன்னல் வழியாகக் காய்ந்த சேற்றின் வாடையும் உப்பளத்துக் காற்றின் கரிப்பும் வந்துகொண்டிருந்தன. வேறு சத்தமில்லை. தெருவில் பாதிப் பேர் அளத்துக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்க, பிள்ளைகளோடு புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போயிருந்தார்கள்.

அந்த எண் வந்திருக்கவே கூடாது.

கோடையில் வீடுகளுக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று பார்க்க, தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பமானியை உப்பளக் காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொண்டு நிறுவனத்தார் மாட்டியிருந்தார்கள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வீட்டில் இருந்த கிருபாவுக்கு இந்தத் தெருவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலையிலும் மாலையிலும் போனை ஏந்திக்கொண்டு நடந்தால் போதும். பெட்டிக்கு இருபதடி தூரத்துக்குள் போனால் அந்த வீட்டின் எண் திரையில் வந்துவிடும். எண் அதிகமாக இருந்தால் கதவைத் தட்டி, மையத்துக்குப் போங்கள், ஈரத்துணி போடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு நடப்பது எளிது. கதவைத் தட்டுவதுதான் கஷ்டம்.

கிருபா சித்தி என்று கூப்பிடும் எதிர்வீட்டு மங்கம்மா மட்டும் அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டவில்லை. சுவருக்கு எதுக்குக் காவல், எனக்குத்தானே வேணும் என்று தன் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். வீட்டுச் சூட்டைப் பார்க்கத்தான் இது, உடம்புக்கு இல்லை என்று கிருபா வாய்க்குள்ளேயே சொன்னாள்.

“உங்க சித்தப்பன் கட்டினது சும்மா தொங்குதுடி. இதுவாச்சும் கேட்டா பதில் சொல்லுது” என்றாள் மங்கம்மா. தண்ணீர்க் குழாயடியே சிரித்தது.

போன வாரம் மங்கம்மா அளத்தில், உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடியே விழுந்தாள். தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. புருசன் நடராசன் இருக்கும்போதே, சுமங்கலியாகப் போனவள். அவள் கழுத்துக் கயிற்றைத் தொடக்கூடாது என்றார்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்து, கயிற்றோடு, கயிற்றிலிருந்த பெட்டியோடு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் மண்ணில் வைத்தார்கள். பெட்டியைக் கேட்க வேண்டும் என்று கிருபா நினைத்தாள். அத்தனை பேர் நடுவில் வாய் வரவில்லை.

கால்வாய் இங்கிருந்து ஒரு மைலாவது இருக்கும்.

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. நடராசன் பெருமுக்கல்லில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். போனை நீட்டியபடி தெருவில் நடந்தாள். எதிர்வீட்டை நெருங்க நெருங்க எண் மங்கி, மறைந்தது. திரும்பித் தன் வீட்டை நெருங்கியபோது மீண்டும் வந்தது. முப்பத்தேழு. பகல் வெயிலில் நாற்பதைத் தாண்டும் சுவர் எதுவும் காட்டாத எண். உயிருள்ள உடம்பின் எண்.

உள்ளறையில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“அம்மா?”

சவரியம்மாள் எப்போது பின்கதவு வழியாக வந்தாள் என்று தெரியவில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காலில் உப்புப் பூத்திருந்தது. மங்கம்மா விட்டுப்போன உப்புப் பாத்தியையும் சேர்த்து அவள்தான் இந்த வாரம் வாரிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று கிருபா தினமும் சொல்லிப் பார்த்துவிட்டாள். அப்பா சென்னையில் வாட்ச்மேன். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

அம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஜெபமாலை மட்டும்தான் இருந்தது. பெட்டி இல்லை.

ஆனால் கழுத்து சுட்டது. வேர்வையே இல்லை. தோல் காகிதம்போலக் காய்ந்திருந்தது. பெட்டி கொடுத்தபோது பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது: வேர்வை நின்றுவிட்டால் காத்திருக்காதீர்கள்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். வழி கேட்டார்கள், சொன்னாள். வருகிறோம் என்றார்கள். பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டினாள், இந்த முறை கூச்சமில்லாமல், இரண்டு கையாலும். ஒன்றும் திறக்கவில்லை. டிரம்மில் தண்ணீர் டீபோலச் சூடேறியிருந்தது. அதையே மொண்டு ஊற்றினாள். கோணிச்சாக்கை நனைத்துப் போர்த்தினாள். முறத்தால் விசிறினாள். சாக்கு காய்ந்தது. மறுபடி ஊற்றினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த தங்கள் வீட்டுப் பெட்டியைக் கழற்றி அம்மாவின் அக்குளில் வைத்து அழுத்தினாள்.

திரையில் இரண்டு வரிகள். ‘கிருபா வீடு’: நாற்பத்தொன்று. ‘மங்கம்மா வீடு’: முப்பத்தேழு.

நாற்பத்தொன்றரை.

அம்மா ஏதோ முனகினாள். பாத்தி, மடை, மடையை அடை என்று வேலைப் பேச்சு. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. டிரம் காலி. ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை. ஷீட்டு மட்டும் டிக், டிக்.

நாற்பத்திரண்டு.

கிருபா போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். தான் படித்தவள் என்பதெல்லாம் அந்த நிமிடம் எங்கோ போயிருந்தது.

“சித்தி. எங்கம்மாவ விட்டுடு. அவ சூட்ட நீ எடுத்துக்க சித்தி. எடுத்துக்க.”

கீழ் வரி அசைந்தது. முப்பத்தெட்டு.

மேல் வரி இறங்கியது. நாற்பத்தொன்று.

கிருபா மூச்சை அடக்கிக்கொண்டாள். கீழே முப்பத்தொன்பது, நாற்பது. மேலே நாற்பது, முப்பத்தொன்பது. இரண்டும் ஒன்றையொன்று கடந்துபோயின. அம்மாவின் நெற்றியில் ஒரு துளி வேர்வை அரும்பியது. கிருபாவுக்கு அழுகை வந்தது. அந்தத் துளியை அவள் துடைக்கவில்லை.

முப்பத்தேழில் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னாடி இது, தண்ணிய எல்லாம் இப்படி ஊத்தி வெச்சிருக்குற. நாளைக்கு எவ கொண்டாந்து குடுப்பா?”

கிருபா அவளைக் கட்டிக்கொண்டாள். ஈரச்சேலை. உப்பு வாடை. அம்மாவின் வாடை. வாசலுக்குப் போய் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

முப்பத்தைந்து.

அறையே நாற்பதைத் தாண்டியிருக்கும். அதற்குள் இருக்கும் உடம்பு, வேர்வை காய்ந்தால்கூட, இந்த அளவுக்குக் குளிரக் கூடாது. பெட்டி நழுவியிருக்கும் என்று அம்மாவின் கையைத் தொட்டாள்.

கிணற்றுக் கல்லைத் தொட்டதுபோல இருந்தது.

“குளுருதுடி” என்றாள் அம்மா. “போர்வை எடு.”

முப்பத்திரண்டு.

“போதும் சித்தி.”

முப்பது. கீழ் வரி ஐம்பதைத் தாண்டியது.

“போதும். போதும் சித்தி. விட்டுடு.”

அம்மாவின் பல் கிடுகிடுத்தது. கிருபா போர்வையைப் போட்டாள். தன் தாவணிகளைப் போட்டாள். தானே மேலே படுத்துக்கொண்டாள். அவள் உடம்பிலிருந்த சூடும் வழிந்து எங்கோ போனது. அடிவயிறு சில்லிட்டது. விலகிக்கொண்டாள்.

கீழ் வரி எழுபது. பிறகு வெறும் கோடுகள். பெட்டியால் காட்ட முடியாத சூடு.

“இங்க ஆவாது” என்று அம்மா எழுந்தாள். “மங்கம்மா கிட்ட சூடு இருக்குது. வான்னு கூப்புடுறா.”

பின்கதவு திறந்தது. வெளிச்சம் வெள்ளையாக உள்ளே விழுந்தது. செருப்பில்லாமல், மணலில், அவசரமே இல்லாமல் அம்மா நடந்தாள். கிருபா சேலையைப் பிடித்தாள். இடுப்பைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டே போனாள் அம்மா. அத்தனை பலம் அவளுக்கு என்றுமே இருந்ததில்லை. வரப்பு. பாத்தி. மங்கம்மாவின் பாத்தி. அதன் ஓரத்தில் வாரிக் குவித்த உப்பு அம்பாரம், ஆள் உயரத்துக்கு, ஓலை மூடி.

அம்மா ஓலையைத் தள்ளினாள். கண் கூசியது. ஒரு கணம் கிருபாவுக்கு எதுவும் தெரியவில்லை.

பார்வை வந்தபோது அம்மா அம்பாரத்தின் அடியைக் குடைந்து உட்கார்ந்திருந்தாள். உப்பை வாரித் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை. இடுப்பு வரை. மேலிருந்து சரசரவென்று சரிந்து வந்தது. மார்பு வரை.

“இப்பதான் நல்லா இருக்குது.”

கிருபா மண்டியிட்டுத் தோண்டினாள். உப்பு நகக்கண்ணைக் கிழித்தது. எரிந்தது. தோண்டத் தோண்டச் சரிந்தது. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ரோட்டுப் பக்கம். காலனிக்குள் திரும்பவில்லை. இன்னும் திரும்பவில்லை. இங்கே என்று கத்த வாயைத் திறந்தாள். தொண்டை வறண்டு சத்தம் வரவில்லை.

உப்புக்குள் விரல்கள் தட்டுப்பட்டன.

அம்மாவின் கை. பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

விரல்கள் திருப்பிப் பிடித்துக்கொண்டன.

சுட்டது.

கிருபா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் இரண்டு கைகளும் வெளியே இருந்தன. உப்பின்மேல், வெயிலில், நீலம் பாரித்த நகங்களோடு.

தன் உள்ளங்கை வேகும் வாடை அவளுக்கு வந்தது. இழுத்தாள். பிடி இறுகியது.

அம்மா சிரித்தாள். ஒரு கை உப்பை அள்ளி கிருபாவின் மடியில் போட்டாள். இன்னொரு கை. மெதுவாக, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல.