முசே உட்காராத கம்பு

மூன்றாவது நாளும் முசே புதுக் கம்பில் உட்காரவில்லை. மாலை நாலரை மணிக்குக் கம்பெனியிலிருந்து வந்த துர்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக் கதவோரம் தொங்கும் கூண்டைப் பார்த்தாள். வலது பக்கக் கம்பிவலையை அலகாலும் கால்களாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அது தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கிண்ணத்தில் தினை அப்படியே இருந்தது. குறுக்கே மாட்டிய கம்பில் யாரும் இல்லை. ஆனால் கம்பு நடுவில் லேசாக வளைந்திருந்தது.

முசே ஒரு காக்கட்டீல் கிளி. மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. பழைய பாண்டிக்காரர்கள் பிரெஞ்சுத் துரைமாரைக் கூப்பிடுகிற பெயரை, அது நடக்கிற மிடுக்குக்காக அவள்தான் வைத்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் தலையைக் கண்டதும் சந்தோஷப்பட்ட ஒரே உயிர் அதுதான். புருஷன் கலியமூர்த்தி நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் சோறு, டிவி, குறட்டை, அவ்வளவுதான்.

அதனால் முசேயின் உள்ளங்காலில் சிவந்த புண்ணைப் பார்த்தபோது அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "பிளாஸ்டிக் கம்புல நாள் பூரா நின்னா இப்படித்தாம்மா ஆவும்" என்றார் பறவைக் கடைக்காரர். "மேடும் பள்ளமுமா இருக்குற மரக்கிளையா பார்த்துப் போடுங்க. இப்படியே வுட்டா காலே போயிடும்."

அரியாங்குப்பம் ரோட்டில், அகலப்படுத்துவதற்காக ஒரு புளியமரத்தைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அந்தக் குவியலில் இரண்டு விரல் தடிமனில், கோணல்மாணலாக, கடைக்காரர் சொன்ன மாதிரியே ஒரு கிளை கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டையைத் தடவியபோதுதான் அந்த முண்டு கையில் இடறியது. முண்டுக்குள் துருப்பிடித்த ஆணி. ஆணியைச் சுற்றி, பாதி பட்டைக்குள் புதைந்து, ஒரு கொத்து முடி.

அது என்னவென்று துர்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வில்லியனூர்ப் பக்கத்தில் பிறந்தவள் அவள். பேய் பிடித்தவளைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போவார்கள். உச்சிமுடியை மரத்தோடு வைத்து ஆணி அடித்து, அறுத்துவிடுவார்கள். பிடித்தது ஆணியோடு மரத்திலேயே தங்கிவிடும், அவள் வீடு திரும்புவாள். எதிர்வீட்டுச் சின்னப்பாப்பாவுக்கு அப்படிச் செய்ததைத் துர்கா ஒன்பது வயதில் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்த மரத்துப் பக்கம் பிறகு ஆடு மேய்க்கக்கூட யாரும் போகவில்லை.

தெரிந்தும்தான் செய்தாள். ஆணி முனை முசேயின் புண்ணில் குத்தினால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் அப்போது அவள் புத்தியில் இருந்தது. மரத்தையே மெஷின் வைத்துச் சாய்த்துவிட்டார்கள், இனி ஆணிக்கு என்ன மரியாதை என்று தனக்குத்தானே வீறாப்பாகச் சொல்லிக்கொண்டாள். குறடால் பிடித்து இழுத்தாள். ஆணி மெதுவாக, மனமில்லாமல் வந்தது. இத்தனை வருஷம் மரத்துக்குள் இருந்த ஆணி ஈரமாக இருந்தது. முடியோடு சேர்த்து அதைத் தெருச் சாக்கடையில் எறிந்தாள். கிளையை உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, இரண்டு நாள் மாடி வெயிலில் காயப்போட்டு, இரண்டு முனையிலும் திருகாணி முடுக்கிக் கூண்டில் மாட்டினாள். மாட்டும்முன் முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தாள், இம்மியும் வளையவில்லை.

இப்போது வளைந்திருந்தது.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னாங்க, அந்தக் கம்பு தானா வளையுதுங்க."

"மரம்னா வளையாம? இதுக்கா போன் பண்ண? ஆளுங்க படகுல ஏறிக்கினு இருக்காங்க, வையி."

வைத்தாள். வீடு கம்மென்று இருந்தது. அவர்கள் குடியிருந்த உழவர்கரையில் அந்த நேரத்துக்குத் தெருவில் பைக் ஓடும், பக்கத்து வீட்டில் குக்கர் கத்தும், எதிரே பட்டறையில் இரும்பு அறுப்பார்கள். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதுபோல இருந்தது, உள்ளே மரம் முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூடவே ஒரு வாடை, எண்ணெய் வைத்து மாதக்கணக்கில் வாராமல் கிடந்த தலையின் சிக்குவாடை.

கம்பின் வளைவு நகர்ந்தது.

நடுவிலிருந்து வலது பக்கம் கொஞ்சம். நின்றது. இன்னும் கொஞ்சம். முசே தொங்கிய பக்கம்.

முசே அலறியது. இறக்கை கம்பியில் மோத, இறகுகள் உதிர, இடது மூலைக்குப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. வளைவு சற்று நேரம் அசையவில்லை. பிறகு திரும்பியது. அவசரமே இல்லை. ஒரு விரற்கடை, ஒரு முனகல். மறுபடி ஒரு விரற்கடை.

துர்காவுக்குப் பயத்தைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. மூன்று நாளாக அவள் பிள்ளையைத் தின்னவிடாமல், உறங்கவிடாமல் துரத்தியிருக்கிறது.

"யார்றீ நீ? கால்ல புண்ணோட கெடக்குற வாயில்லா ஜீவன்டி அது! வெளிய போடி!"

கூண்டின் கதவைத் திறந்தாள். திருகாணிகளைக் கழற்றினாள். விரல் வழுக்கியது. நகம் பெயர்ந்தது. கம்பைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் நிறைந்த குடத்தின் கனம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாதி வந்தது. முக்கால் வந்தது. கூண்டுக் கதவைத் தாண்டியதும் சட்டென்று கனம் போய்விட்டது. கையில் வெறும் குச்சி.

பால்கனியிலிருந்து வீசினாள். பக்கத்துக் காலி மனையில், முள்ளுக்குள் லேசாகச் சலசலத்து விழுந்தது.

"தொலஞ்சது சனியன்" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெயில் சுவரில் மஞ்சளாக இறங்கியிருந்தது. முசே இன்னும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பயம் தெளியவில்லை, பாவம் என்று நினைத்தாள். தினமும் செய்கிறதுபோல வலது கையைக் கூண்டுக்குள் விட்டு ஆட்காட்டி விரலை நீட்டினாள். நீட்டினால் போதும், தாவி ஏறி, தோள்வரை நடந்து வரும்.

"வாடா துரை. ஏறு."

முசே ஏறவில்லை. கம்பியோடு கம்பியாக ஒடுங்கியது. அது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தது.

விரல் தாழ்ந்தது.

அவள் தாழ்த்தவில்லை.

கையை இழுத்தாள். வரவில்லை. விரலைச் சுற்றி ஈரமாக ஏதோ இறுகியது. பிறகு மணிக்கட்டில். பிறகு முழங்கையில். ஒவ்வொரு இடமாகக் கை தொய்ந்தது. வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. முசேயின் கண் கூடவே வந்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

தோளில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு கம்பியை விட்டுவிட்டு முசே கீழே இறங்கியது. நொண்டி நொண்டிக் கிண்ணத்துக்குப் போய், மூன்று நாள் பசியோடு தினையைக் கொத்தத் தொடங்கியது. துர்கா அதைப் பார்த்தபடி நின்றாள். அவள் தலை, அவள் சாய்க்காமலே, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பக்கத்தில் இன்னொரு தலைக்கு இடம் விடுவதற்காக.