ஒரே ஆள், ஒரே பதிவு

தனக்குப் பின்னால் இரண்டு பேர் மாடிப்படி ஏறி வருவதாக நினைத்துத்தான் அவர் சுவரோரம் ஒதுங்கினார். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு படியில் பதிந்த அரை நொடிக்குப் பிறகு இன்னொரு ஜோடி பதிந்தது. பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டவர்களைப் போல இரண்டு மூச்சுகள் கேட்டன. ஆனால் அவரைத் தாண்டிப் போனவள் ஒருத்திதான். பேக்கிங் பிரிவின் நீலச் சீருடை, தலையில் வலைத்தொப்பி. அவள் போன பிறகும், இன்னும் ஒருவர் தாண்டுவதுபோல ஒரு காற்று அவர் முழங்கையை உரசிக்கொண்டு மேலே போனது.

‘தண்டங்கள்’ என்று முணுமுணுத்தார். யாரை என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எல்லாரையும்தான்.

அந்தக் கம்பெனியில் ஆட்களைச் சேர்க்க ஒரு கணினி, சம்பளத்துக்கு ஒன்று, வாசல் கதவுக்கு ஒன்று, மருத்துவ அறைக்கு ஒன்று. நான்கிலும் ஒரே மனிதன் நாலு விதமாக எழுதப்பட்டிருப்பான். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் பிறந்த தேதி இருக்கவேண்டிய இடத்தில் போன வாரத் தேதி. அந்தக் குப்பையை அலசி, ஒரு ஆளுக்கு ஒரே பதிவு என்று ஆக்கி நான்குக்கும் அனுப்புவது அவர் வேலை. எந்தப் பிழையைக் கண்டாலும் “சுத்தம்!” என்று உதட்டைச் சுழிப்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘சுத்தம் சார்’ என்று பெயர். அதையாவது எழுத்துப்பிழை இல்லாமல் சொல்கிறார்களே என்று விட்டுவிட்டார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் அவர் கண்ணில் பட்டவை பேக்கிங் பிரிவின் இரண்டு பதிவுகள். ஒரே பிறந்த தேதி, ஒரே முகவரி, ஒரே பெற்றோர். போட்டோவில் அதே மூக்கு, அதே தெற்றுப்பல். பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஆள் சேர்க்கும் பிரிவின் கிளார்க்கை வரச்சொன்னார்.

“சார், அது ரெட்டைப் பிள்ளைங்க,” என்றார் கிளார்க். “நானே நேர்ல பாத்திருக்கேன்.”

“ரெண்டு பேரையும் சேர்த்துப் பாத்தீங்களா?”

“இல்ல சார், ஒருத்தி காலை ஷிஃப்ட், ஒருத்தி சாயங்காலம்...”

“அப்போ ஒருத்தியவே ரெண்டு தடவ பாத்திருக்கீங்க. அதையும் ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க. சுத்தம்!”

“கைரேகைய ஒரு தடவ ஒப்பிட்டுப் பாத்துட்டு...”

“உங்க ஆளுங்க எடுத்த கைரேகை எனக்குத் தெரியாதா? பாதிப் பேருக்குப் பக்கத்து ஆளோட விரல். போங்க.”

கிளார்க் போனதும் திரையில் ‘இணை’ பொத்தானை அழுத்தினார். இரண்டு வரிகள் ஒன்றாயின. மனசுக்கு இதமாக இருந்தது.

படிக்கட்டில் அந்தக் காலடிகளைக் கேட்டது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை கிளார்க்கிடம் குத்தலாகக் கேட்டார்: “என்ன, உங்க ரெட்டைப் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?”

கிளார்க் திருதிருவென விழித்தார். “யாரு சார்? அது ஒருத்திதானே. ரெண்டு ஷிஃப்டும் அவளேதான் பாக்குறா.”

ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிளார்க்கின் முகத்தில் பொய் இல்லை. அழித்த பலகை போல் இருந்தது அது. அன்றைக்கு நடைபாதையில் அந்தப் பெண் தனக்குள் பேசிக்கொண்டு போனாள். கேள்வி ஒரு குரலில் வந்தது. பதில், வாய் அசையாமல், கொஞ்சம் கீழேயிருந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. ஈரத்துணியும் அட்டைப்பெட்டியும் கலந்த வாடை அவள் போன பிறகும் அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை மழை. மூன்று மணிக்கே விளக்கு போடவேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வந்திருக்கிறாள், பதிவு சம்பந்தமாம் என்று சொல்லி கிளார்க் அவளை இவர் அறையில் விட்டுவிட்டு நழுவினார். புடவை நுனியில் தண்ணீர் சொட்டியது.

“ஐயா, என் பொண்ணு தூங்கறதே இல்லீங்க. விடிய விடிய சுவத்தப் பாத்துப் பேசுறா. நானும்... சாப்பாட்டுக்கு ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறேன். யாருக்குன்னு தெரியலீங்க. இங்க எழுதி வச்சிருப்பீங்கன்னு வந்தேன்.”

“டாக்டரப் பாருங்கம்மா. இது கம்பெனி.”

அவள் போட்டோ ஒன்றை மேஜைமேல் வைத்தாள். இளவயதில் அவள்தான். இடது கையில் ஒரு கைக்குழந்தை. வலது கையும் அதே மாதிரி வளைந்து, விரல்கள் கவனமாகக் குவிந்து, எதையோ தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் ஒன்றுமில்லை.

“இந்தக் கைல நான் என்ன வச்சிருந்தேங்க?”

போட்டோ பழசு என்றார். கெட்டுப்போயிருக்கும் என்றார். அவளை அனுப்பிவிட்டுப் பார்த்தால், சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

ஐந்து மணிக்கு மாடி காலியானது. அவர் பதிவைத் திறந்து ‘பிரி’யை அழுத்தினார். ஒவ்வொரு விவரமாகத் திரை கேட்டது: இது முதல் பதிவுக்கா, இரண்டாவதுக்கா? இரண்டுக்கும் என்று சொல்ல வழியில்லை. அந்த வசதியைப் பிடுங்கிப் போடச்சொன்னவர் அவர்தான்; ஒன்றையே இரண்டு இடத்தில் வைக்கும் புத்தியால்தான் இத்தனை குப்பை என்று அன்று ஒரு மணிநேரம் பேசியிருந்தார்.

சரி, ஏதோ ஒன்று. மிச்சத்தை நாளைக்கு அந்த மடையன் கிளார்க் நிரப்பட்டும். பெயர், முதலுக்கு. பிறந்த தேதி, இரண்டுக்கு. முகவரி, முதலுக்கு. போட்டோ, முதலுக்கு. கைரேகை, இரண்டுக்கு.

அனுப்பினார்.

கீழே பேக்கிங் கூடத்தில் பெட்டிகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த பட்டை நின்றது. யாரோ அலறினார்கள். பிறகு பலர். பிறகு அதுவும் இல்லை. ஏசியின் முனகல் மட்டும்.

கண்ணாடிக் கதவில் சத்தம். தட்டுவதல்ல. தடவுவது. உள்ளங்கைகள், மேலும் கீழும், கைப்பிடியைத் தேடி.

கதவு திறந்தது.

முன்னால் வந்தவளுக்கு முகம் இருந்தது. அதே மூக்கு, அதே தெற்றுப்பல். நீலச் சட்டையின் கைகள் இரண்டும் தட்டையாகத் தொங்கி, காற்றில் ஆடின. பின்னால் வந்தவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். வலைத்தொப்பிக்குக் கீழே, நெற்றியிலிருந்து தாடைவரை, வெறும் தோல். கண் இல்லை. வாய் இல்லை. மூச்சுக்கு மட்டும் அந்தத் தோல் உள்ளே போய் வெளியே வந்தது.

எழ நினைத்தார். நாற்காலி பின்சுவரில் முட்டி நின்றது.

“சார்,” என்றாள் முகம் இருந்தவள். கோபமே இல்லாத குரல். “இவளுக்கு ஒண்ணு வைக்க மறந்துட்டீங்களே.”

மேஜையைத் தடவிவந்த விரல்கள் அவர் கன்னத்தைக் கண்டுபிடித்தன. குளிர்ந்த விரல்கள். புருவம். இமை. மூக்கு. உதடு. ஒவ்வொன்றையும் நிதானமாக, சரிபார்ப்பதுபோல் தொட்டன. பிறகு தாடையின் ஓரத்துக்கு இறங்கி, நகத்தால் மெல்லச் சுரண்டி, தோல் எங்கே தொடங்குகிறது என்று விளிம்பைத் தேட ஆரம்பித்தன.