அற்புதராணி வைக்காத கையெழுத்து

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்! கடன்பட்ட வீட்டுத் தேத்தண்ணி தொண்டைக்குள்ளை இறங்காது!"

ஜெனிற்றா தள்ளிவிட்ட கோப்பையிலிருந்து பாதித் தேநீர் மேசையில் சிந்தியது. அற்புதராணி துணியெடுத்துத் துடைத்தாள். குருநகரில் அந்த வீட்டுக்கு வாழவந்த பதினாறு வருடத்தில், கணவனின் அக்காவை அவள் ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை.

வங்கியிலிருந்து வந்த கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அற்புதராணியின் கடனட்டையில் நாலு லட்சம் நிலுவை. கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கெழுதும் இலிகிதராக அவள் வாங்கும் சம்பளத்தில், மாதாமாதம் மிகக் குறைந்த தொகையைத்தான் கட்ட முடிந்தது. வட்டி ஏறிக்கொண்டே போனது.

"என்ரை தம்பி கடலிலை காயுறான், நீ கார்ட்டை இழுத்து இழுத்து ஆடம்பரமோ? என்னத்தையடி வாங்கினனி?"

அற்புதராணி கணவனைப் பார்த்தாள். சூசைதாசன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெனிற்றாவின் இருதய ஒப்பரேசனுக்குக் கொழும்பில் அந்த அட்டையால்தான் பணம் கட்டியது என்று அவனுக்குத் தெரியும். ஜெனிற்றாவோ அது தம்பியின் உழைப்புக் காசு என்றே நம்பியிருந்தாள். "உங்கடை அக்கா அறிஞ்சால் மனமுடைஞ்சு போவா, சொல்லாதேங்கோ" என்று அவனிடம் சத்தியம் வாங்கியவளே அற்புதராணிதான்...

ஜெனிற்றா காசு முடிந்திருந்த கைலேஞ்சியை அவிழ்த்தாள்.

"என்ரை சீட்டுக்காசு, நாப்பதினாயிரம். பேஸ்புக்கிலை ஒரு விளம்பரம் பாத்துக் கதைச்சனான். இதை முன்காசாக் குடுத்தால் கடனைப் பாதியாக் குறைச்சுத் தருவினமாம். பதினொரு மணிக்கு ஆள் வரும். நீ கையெழுத்து மட்டும் வைச்சால் காணும்."

"மச்சாள், பாங்கிலையிருந்தோ வருகினம்?"

"பாங்கோடை கதைச்சுச் செய்யிற கொம்பனி. இனிப் பாங்குக்கு ஒரு சதமும் கட்டக்கூடாதாம். அவங்கள் போன் எடுத்தாலும் கதைக்கக்கூடாதாம்."

அற்புதராணிக்கு அங்கேதான் பொறி தட்டியது. காசை முன்னுக்குக் கேட்கிறவன், கடன் தந்தவனோடு கதைக்க வேண்டாம் என்கிறானே... ஏன்?

"குறை நினையாதேங்கோ மச்சாள். பாங்கிலை கேளாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"பாத்தியோடா தம்பி! உதவி செய்ய வந்தாலும் திமிர்!" ஜெனிற்றா அழத் தொடங்கினாள்.

"ஒரு கையெழுத்துத்தானே... வைச்சால் என்ன?" என்றான் சூசைதாசன்.

அந்தச் சொல்தான் அவளுக்கு வலித்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வங்கியில் இருந்த நிரோஜா என்ற பெண் முழுவதையும் கேட்டாள். "எங்களுக்கு அப்பிடி ஏஜென்ட் ஒருத்தரும் இல்லை, அக்கா. கட்டாமல் விட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும்தான் ஏறும். கஷ்டமெண்டால் எங்களிட்டையே நேரை கேக்கலாமே!"

அற்புதராணி கேட்டாள். சம்பளத் துண்டைக் காட்டினாள். அட்டையை நிறுத்தி, நிலுவையைக் குறைந்த வட்டியில் மூன்று வருடத் தவணையாக மாற்றிக் கடிதம் கொடுத்தார்கள். கடன் பாதியாகவில்லை. ஆனால் அது முடியும் நாள் அந்தக் கடிதத்தில் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது, சேர்ட்டை உள்ளேவிட்ட ஓர் இளைஞனிடம் ஜெனிற்றா காசை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்கோ மச்சாள்!" அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. "தம்பி, பாதியாக் குறைப்பியள் எண்டதை எழுத்திலை தாங்கோ."

"அது வேலை தொடங்கின பிறகு, அக்கா. இண்டைக்குக் கட்டினால்தான் இந்தச் சலுகை..."

"பாங்கிலை ஆரோடை கதைப்பியள்?" அவள் போனில் நிரோஜாவை அழைத்தாள். "இந்தாங்கோ, பாங்குப் பிள்ளை லைனிலை நிக்கிறா. கதையுங்கோ!"

அவள் நீட்டிய போனைத் தொடாமல் அவன் கையிலிருந்த பைலை மூடினான். "நம்பிக்கையில்லாத ஆக்களுக்கு ஒண்டும் செய்யேலாது" என்று முணுமுணுத்தபடி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெனிற்றா கையிலிருந்த காசையே பார்த்தாள். "தப்பினது உண்மைதான்... ஆனால் நாலு லட்சம்! அது என்னத்துக்கடி?"

"உனக்குத்தான் அக்கா!" சூசைதாசன் வெடித்தான். "உன்ரை நெஞ்சு ஒப்பரேசனுக்கு! இவ ஏச்சு வாங்கேக்கை நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்..."

ஜெனிற்றா கதிரையில் அப்படியே அமர்ந்துவிட்டாள். "மாதாவே... என்ரை உயிரைத் தந்தவளையோ இப்பிடிப் பேசினனான்! மன்னிச்சுக்கொள்ளடி ராணி!" எழுந்துவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அழாதேங்கோ மச்சாள். நீங்கள் உயிரோடை நிக்கிறியள். மிச்சத்தை நான் கட்டி முடிப்பன்."

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"மறைக்கச் சொன்னது என்ரை பிழை. ஆனால் இனி எனக்காக ஒரு சொல் சொல்லவேண்டிய இடத்திலை, சொல்லிப்போடுங்கோ."

"ஓம்" என்றான் சூசைதாசன், அக்காவுக்கும் கேட்கும்படி, சத்தமாக.