வாசலிலேயே இரு

"ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களா சிஸ்டர்?" என்று ஆறாம் படுக்கைத் தையல்காரர் கேட்டபோது அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

இனி வைத்தியமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தவர்கள், வலியில்லாமல் கண்மூடுவதற்காக வந்து சேரும் இல்லம் அது. பதினோரு வருடமாக அவள் அங்கே நர்ஸ். சாகிறவர்கள் யாரையாவது பார்ப்பது அவளுக்குப் புதிதல்ல. கூரை மூலையில் அம்மாவைப் பார்ப்பார்கள், கதவோரம் எப்போதோ போய்ச் சேர்ந்த புருஷனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் தையல்காரர் பார்த்தது மூலையையோ கதவையோ அல்ல, அவளுடைய இடது தோளுக்குப் பின்னால். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் அவர் கண்ணும் கூடவே நகர்ந்தது.

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து அவர் உடம்பைத் துடைக்கும்போது, வெங்காயம் தீர்ந்துவிட்டதே, போகும் வழியில் வாங்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகவே இப்படித்தான். அழுகை வருவதில்லை. கோபமும் வருவதில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடந்தது. தோள் மட்டும் மூட்டை தூக்குகிறவனுடையதைப் போலக் கனத்தது.

அதே வாரம் மூன்றாம் படுக்கை டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பின்னாடி நிக்கறவளைக் கொஞ்சம் தூங்கச் சொல்லும்மா. பாவம், முகமே செத்துக்கிடக்கு" என்றார். இரண்டு நாளில் அவரும் இல்லை. அப்புறம் பேச்சு நின்றுபோன லாரி டிரைவர். அவர் கடைசிவரை அவள் தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக் கிடந்தார், இமைக்காமல்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? இல்லத்துக்கு வரும் ஆலோசகர் அம்மாளிடம், களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாத்தையும் சுமந்துக்கிட்டே வீட்டுக்குப் போறீங்க. செருப்பைக் கழட்டறப்போ இதையும் கழட்டி வாசல்லயே விட்டுடுங்க. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க."

அன்று சாயங்காலம் கதவுக்கு முன்னால் நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "வாசலிலேயே இரு."

சொன்ன மாத்திரத்தில் தோள் லேசானது. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் முறையும் தட்டை நீட்டினாள். "யாருடா இது, அச்சு அசல் என் பொண்டாட்டி மாதிரியே இருக்காங்க" என்றான் கணவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாற்பது வயதில் ஒரு தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை.

பத்து நாள் நன்றாகப் போயிற்று. இல்லத்தில் நோயாளிகள் அவள் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். வீட்டு வாசல் கால்மிதியில் மட்டும், அலசி அலசிப் போட்டாலும், கிருமிநாசினி வாடையும் அதற்கடியில் படுக்கைப்புண்ணின் இனிப்பு வாடையும் நின்றன. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், நின்று நின்று கால் கடுத்தவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றும் சத்தம் கேட்டது. அவள் டிவியைச் சத்தமாக வைத்தாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் குளித்துவிட்டுப் படுத்தவள், கண் அசந்துவிட்டாள். விழித்தபோது கூடத்தில் கணவனின் குரல். யாரையோ உபசரிக்கும் குரல்.

அந்த வாடை வீட்டுக்குள் இருந்தது.

ஓடினாள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. சோபாவின் ஒரு ஓரத்தில் அவன் மட்டும்.

"நல்ல ஆளு நீ! கூட வேலை பாக்கறவங்களை இப்படியா வாசல்ல நிக்க வைப்பே? நான்தான் உள்ள வரச் சொன்னேன்."

"யாரை?"

"இவங்களைத்தான்." பக்கத்தில் கையைக் காட்டினான்.

காலி இடம்.

போகப்போகிறவர்களுக்கு மட்டும் தெரிவது. அவர்களுக்கு மட்டும்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி சீராக இருந்தது. நகங்களைப் பார்த்தாள். நல்ல சிவப்பு.

"வீட்டுலயும் டியூட்டியா?" சிரித்தான். "நல்லாத்தான் இருக்கேன். லேசா அசதி, அவ்வளவுதான்."

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"ஒரு அஞ்சு நிமிஷம்."

அவள் காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள். "அவரை விட்டுடு. என்கிட்ட வா. முன்ன மாதிரியே வந்துடு. நானே சுமக்கறேன்."

காத்திருந்தாள்.

தோள் கனக்கவில்லை.

அழுகை வந்தது. ஒரு வருடத்துக்கு அப்புறம்.

அவனுக்குப் பக்கத்தில் சோபா மெத்தை மெதுவாக அமுங்கியது. அவன் கண்கள் மூடின. தலை சாய்ந்தது. அவள் தாங்கப் போனாள். அவள் கை எட்டுவதற்குள், தலை பாதியிலேயே, காற்றில் நின்றுவிட்டது. தோள் உயரத்தில்.

அவன் நெற்றி முடி ஒதுங்கியது. மறுபடி ஒதுங்கியது. மெதுவாக, மெதுவாக, யாரோ வருடுவதைப் போல.